பாலாற்று மணலில் புதைந்த கார்

1967, கார்த்திகை மாதம். காலை மணி ஆறரை.

டிக்கியைத் திறந்தபோது உள்ளே பெட்டி இல்லை.

ஓரிக்கை கிராமத்துக்குத் தெற்கே, பாலாற்றின் நடு மணலில், அரைச் சக்கரம் வரை புதைந்து நின்றது அந்தக் கறுப்பு அம்பாசிடர். முந்தின நாள் மத்தியானம் பிடித்த புயல்மழை விடிகாலை ஐந்து மணிக்குத்தான் விட்டிருந்தது. மழை விட்ட கையோடு பனிமூட்டம் இறங்கி, அக்கரையும் இக்கரையும் மறைந்துபோயின. ஆறு முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில் காரும், அதைச் சுற்றி ஓரிக்கை ஆட்கள் ஐந்தாறு பேரும்.

டிக்கியைத் திறந்தவன் காசிநாதன். சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் குமாஸ்தா, வயது இருபத்தாறு, முதலாளியின் காரையும் அவனே ஓட்டுவான். காணாமல் போன தகரப் பெட்டியில் இருந்தவை ஒரு கூறைப்புடவையும் பொன் தாலியும். மாப்பிள்ளை வீட்டார் வாங்கி, அக்கரையில் உள்ள பெண் வீட்டில் சேர்த்துவிடச் சொல்லிக் கடையில் ஒப்படைத்தவை. மறுநாள் காலை முகூர்த்தம்.

மழை கழுவி விட்டிருந்த மணல் புதுச் சுவர் போல வழவழவென்று இருந்தது. அதில் கரையிலிருந்து கார் வரை போய்த் திரும்பிய ஒரே ஒரு ஆளின் காலடித் தடம்தான் இருந்தது என்று, வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

அது பொன்னியம்மாளின் தடம். அவள் அதை மறுக்கவும் இல்லை.

காலை ஏழே கால்.

ஏட்டு தாவீது சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு மணலில் இறங்கினார். ராத்திரி முழுவதும் ஸ்டேஷன் ஓட்டு ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்தே பொழுது போயிருந்தது. கண்ணில் தூக்கம் மிச்சமிருந்தது. மூட்டத்துக்குள் நடக்க நடக்க, காலடியில் மணல் இருக்கிறதா, மேகம் இருக்கிறதா என்றே அவருக்கு நிச்சயமில்லை. எங்கோ ஒரு மாட்டு மணி கேட்டது. எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. திடீரென்று முன்னால் ஒரு கார் முளைத்தது. கனவில் வருகிற பொருள்கள்தான் இப்படி முன்பின் இல்லாமல் வந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டார்.

காலடித் தடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செய்தி கேட்டு வந்த கூட்டம் எல்லாவற்றையும் மிதித்துக் கலைத்திருந்தது.

பட்டுக்கடை முதலாளி வரதராஜன் அவருக்கு முன்பே குதிரை வண்டியில் வந்து சேர்ந்திருந்தார். குடையை மணலில் ஊன்றியபடி நின்றார்.

"ஏட்டு சார், இதுல விசாரிக்க என்னா இருக்குது? இந்தப் பொம்பளையைத் தவிர வேற யாரும் கார்கிட்ட வரலை. ராத்திரி கொட்டற மழையில யாரு ஆத்துல இறங்குவாங்க? ஊரே சாட்சி. நாளைக்குத் தாலி இல்லாம அங்க ஒரு கல்யாணம் நிக்கப்போவுது."

"வீட்டுல தேடிட்டீங்களா?"

"தேடிட்டாங்க. கெடைக்கலை. எங்க புதைச்சாளோ."

பொன்னியம்மாள் சற்றுத் தள்ளி நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் படுத்த படுக்கையான பிறகு, ஒரு ஜோடி மாட்டை வைத்துக்கொண்டு உழவுக்கும் பாரத்துக்கும் போய்ப் பிழைக்கிறவள். தேடினவர்கள் அவள் வீட்டு அடுக்குப் பானைகளைக் கவிழ்த்து, விதைநெல்லை ஈரத் தரையில் கொட்டியிருந்தார்கள். அதை அவள் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள்.

"நீ எதுக்கும்மா கார்கிட்ட போனே?" என்று தாவீது கேட்டார்.

"விடிஞ்சி மாட்டைப் பாக்க வந்தேன் ஏட்டய்யா. மூட்டம் கொஞ்சம் விலகினப்போ ஆத்துல கார் நின்னுக்கினு இருந்துச்சு. ராத்திரி மழைக்கு உள்ளாற யாராவது மாட்டிக்கினு இருந்தா? அதான் போயி கண்ணாடி வழியாப் பாத்தேன். யாரும் இல்ல. வந்துட்டேன்."

"பின்பக்கம் போனியா?"

"இல்ல."

"எப்படி நம்பறது?"

"நம்புனா நம்புங்க." அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது.

தாவீது காசிநாதன் பக்கம் திரும்பினார். ஒல்லியான உடம்பு. சட்டை உடம்போடு ஒட்டி, முகம் வெளிறிப் போயிருந்தது.

"கடையில இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"மூணரைக்கு."

"பெட்டியைக் காருல ஏத்தினது யாரு?"

"நான்தான். கடைக்குப் பின்னால குடோன்லதான் கார் நிக்கும். அங்கயே டிக்கியில வெச்சேன்."

"கொட்டற மழையில ஆத்துல ஏன் இறக்கினே? பாலம் இருக்குதே."

"பாலம் எட்டு மைல் சுத்துங்க. வழக்கமா இந்த மணல் தடத்துலதான் போவோம்."

"மாட்டிக்கினதும் என்ன பண்ணே?"

"டிக்கியைத் தொறந்து, பெட்டியை ஓரமா நகர்த்திட்டு, ஜாக்கியை எடுத்தேன். சக்கரத்துக்கடியில குடுத்துப் பாத்தேன். கார் ஏறலை, ஜாக்கிதான் மணல்ல இறங்கிச்சு. அரை மணி நேரம் மழையிலயே போராடினேன். அப்புறம் ஜாக்கியைத் திரும்ப உள்ள வெச்சு மூடினேன். டிக்கி பூட்டு வேலை செய்யாதுங்க. நடந்தே ஓரிக்கைக்கு வந்து, தெரிஞ்ச நெசவுக்காரர் வீட்டுல படுத்தேன்."

"பெட்டியைக் கையில எடுத்துக்கினு வந்திருக்கலாமே."

"பட்டு நனைஞ்சிடும்னு பயந்தேன்."

"என்ன புடவை?"

"பச்சை. அரக்கு பார்டர்." காசிநாதன் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எல்லாரும் அரக்குப் புடவைதான் எடுக்கச் சொன்னாங்க. அவங்கதான் பச்சை கேட்டாங்க. மூணு தடவை கடைக்கு வந்து, அதையே வாசல் வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தாங்க."

"அவங்கன்னா?"

"கல்யாணப் பொண்ணு. கிருஷ்ணவேணி."

தாவீது காரின் பின்பக்கம் போனார். டிக்கிக்குள் குனிந்தார். ஒரு மூலையில் கோணிப்பை சுற்றி வைத்த ஜாக்கி. மற்றபடி காலி. கோணியை எடுத்து ஒரு உதறு உதறினார். அடுத்த கணம் அடுக்கடுக்காக மூன்று தும்மல் வந்தது. வரதராஜன் முகம் சுளித்து ஓர் அடி விலகினார். இந்த ஈரத்தில் யாருக்குத்தான் ஜலதோஷம் பிடிக்காது. தாவீது மூக்கைத் துடைத்துக்கொண்டு, டிக்கியின் தரையில் ஆள்காட்டி விரலால் நீளமாக ஒரு கோடு போட்டார். பிறகு விரலைப் பார்த்தார். மூடியைச் சாத்தினார்.

காலை ஏழே முக்கால்.

மேற்கே இருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். மேலே ஆற்றில் தண்ணீர் வருகிறதாம். பக்கத்து ஊரைத் தாண்டிவிட்டதாம். முக்கால் மணி நேரத்தில் இங்கே வந்துவிடுமாம்.

கூட்டம் கரையைப் பார்த்து நகரத் தொடங்கியது.

"காரை விட்டுடலாம் முதலாளி," என்றான் காசிநாதன். "உசிருதான் முக்கியம். போனா போவட்டும்."

"பதினஞ்சாயிரம் ரூபா காருடா அது," என்றார் வரதராஜன்.

"இது ஒரு ஜோடி மாட்டுக்கு வராதுங்க. வாங்க, போயிடலாம்."

தாவீது அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொன்னியம்மாளிடம் கேட்டார்:

"உன் மாடு இழுக்குமாம்மா?"

கேட்டுவிட்டு அவருக்கே கூச்சமாக இருந்தது. திருடி என்று நிறுத்தி வைத்தவளிடம் கேட்கிற உதவியா இது? பொன்னியம்மாள் வரதராஜனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"கார் என்னாத்தைப் பண்ணுச்சு, பாவம்," என்று சொல்லிவிட்டு மூட்டத்துக்குள் போனாள்.

மாடுகள் வந்தன. சக்கரத்தடியில் தென்னமட்டை போட்டார்கள். தாம்புக்கயிறு இறுகியது. பொன்னியம்மாள் அடிக்கவில்லை, மாட்டின் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாள். தாவீதும் நான்கைந்து பேரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். முதல் இழுப்பில் கார் முனகியது. இரண்டாவதில் அசைந்தது. மூன்றாவதில், ஒரு பெரிய மிருகம் தூக்கம் கலைந்து எழுவதுபோல், மணலை விட்டு மெல்ல எழுந்தது.

கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரைச்சல் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய நாக்கு மணலை நக்கிக்கொண்டே நீண்டது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் அகலமாக ஒன்று. கார் நின்ற பள்ளம் நிறைந்து மறைந்தது.  மூட்டம் விலகி, முதல் வெயில் தண்ணீர்மேல் விழுந்தது.

காலை எட்டரை.

"முதலாளி, இங்க வாங்க." தாவீது டிக்கியைத் திறந்தார். "கோணியைத் தொட்டுப் பாருங்க."

வரதராஜன் தொட்டார். "காஞ்சிதான் இருக்குது."

"உதறுங்க."

தூசி பறந்தது. வரதராஜன் தும்மினார்.

"நேத்து சாயங்காலம் கொட்டற மழையில அரை மணி நேரம் மணல்ல கெடந்த ஜாக்கி இது. மூடின டிக்கிக்குள்ள, இந்த ஈரக் காத்துல, ராத்திரிக்குள்ள காஞ்சி, தூசியும் படிஞ்சிடுமா? கார் ஆத்துல இறங்கின அப்புறம் காலையில ஆறரை மணி வரைக்கும் இந்த டிக்கியை யாருமே தொறக்கலை."

"காசி சோம்பேறித்தனத்துல பொய் சொல்லியிருப்பான்," என்றார் வரதராஜன். "அதுக்கும் பெட்டிக்கும் என்னா சம்பந்தம்?"

"தரையைப் பாருங்க. நான் விரலால போட்ட கோடு எவ்ளோ தெளிவா விழுந்திருக்குது. அவ்ளோ தூசி. தகரப் பெட்டியை வெச்சு, நகர்த்தி, எடுத்திருந்தா தடம் இருக்கணுமா இல்லையா? ஒரு மூலையிலயாவது? இல்லை. பொன்னியம்மா எடுக்கலை. யாருமே எடுக்கலை. பெட்டி இந்தக் காருல ஏறவே இல்லை."

எல்லாக் கண்களும் காசிநாதன் பக்கம் திரும்பின. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றார் தாவீது, குரலைத் தாழ்த்தி. "வேணும்னுதான் நடு ஆத்துல கொண்டுபோய் நிறுத்தினே. ராத்திரியே தண்ணி வந்து காரை அடிச்சிக்கினு போயிடும், பெட்டியும் போயிடுச்சுன்னு எல்லாரும் நெனைச்சிடுவாங்கன்னு கணக்குப் போட்டே. தண்ணி வரலை. காலையில ஊர்க்காரங்க பெட்டியை எடுக்கணும்னு உன்னோட கெளம்பிட்டாங்க. வழி தெரியாம நின்னப்போ ஒரு காலடி கண்ணுல பட்டுச்சு. சரிதானே?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

"வித்துத் தின்னறதுக்கு எடுத்தவனா உன்னைத் தெரியலை. அந்தப் பொண்ணு புடவையை வெளிச்சத்துல புடிச்சதை இன்னும் மறக்காம இருக்கிறே. கல்யாணம் நிக்கணும்னு நெனைச்சியா?"

"தாலியை ஆறு கொண்டுபோயிடுச்சுன்னா மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னுடுவாங்கன்னு..." காசிநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பெட்டி குடோன்லயே இருக்குதுங்க. காலிப் பெட்டிங்களோட அடுக்கி வெச்சிருக்கேன்."

"அதோட நிக்குமா? ராசி கெட்டவள்னு அந்தப் பொண்ணைத்தானே ஊர் சொல்லும். ஆயுசுக்கும் சொல்லும். அதை யோசிச்சியா?"

காசிநாதன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்த தாவீதுக்கு, அவன் அதை இந்த நிமிஷம் வரை யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"ஒரு வார்த்தை பேசினதில்லைங்க."

வரதராஜன் குடையை ஓங்கினார். தாவீது கையைப் பிடித்துக்கொண்டார். "பெட்டி உங்க குடோனை விட்டே வரலை முதலாளி. திருட்டுன்னு எழுத முடியாது. பொய்ப் பழி போட்டதுக்கு வேணும்னா எழுதலாம். அது இவங்க குடுக்க வேண்டிய புகார்."

பொன்னியம்மாள் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "என் வீட்டுல பானையைக் கவுத்தவங்க எல்லாரும் இங்கதான் நின்னுக்கினு இருக்கறாங்க. அவங்க காதுல வுழற மாதிரி அவன் சொல்லட்டும். கொட்டின விதைநெல்லை முதலாளி அளந்து குடுக்கட்டும். அது போதும்."

காசிநாதன் சொன்னான். முதல் தடவை சத்தம் எழவில்லை. பொன்னியம்மாள் காத்திருந்தாள். இரண்டாம் தடவை, "இந்த அம்மா எடுக்கலை, நான்தான் பொய் சொன்னேன்" என்பது எல்லோருக்கும் கேட்டது. வரதராஜன் நெல்லுக்குத் தலையாட்டினார். அன்றோடு அவனுக்குக் கடையில் வேலை இல்லை என்றும் சொன்னார்.

"பெட்டியை யாரு கொண்டுபோறது?" என்று தாவீது கேட்டார்.

"அவனே போவட்டும்," என்றாள் பொன்னியம்மாள். "அவன் கையாலயே குடுத்துட்டு வரட்டும்."

பகல் ஒரு மணி.

பாலத்து வழியாக பஸ்ஸில் சுற்றிப் போனார்கள். மடியில் பெட்டியோடு காசிநாதன், பக்கத்தில் தாவீது. கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டி, ஈரப் பந்தலைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை வாங்க கிருஷ்ணவேணியே வந்தாள். தலையில் எண்ணெய் மினுங்கியது.

"ஆத்துல தண்ணி போவுதுன்னாங்களே, எப்படி வந்தீங்க?"

"பாலத்து வழியா வந்தேங்க."

"கடையில நிப்பீங்களே, நீங்கதானே?"

"ஆமாங்க."

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு புடவை விரிகிற சரசரப்பு.

"போலாமா தம்பி?" என்றார் தாவீது.

"போலாங்க," என்றான் காசிநாதன். ஆனால் அவன் அங்கேயே நின்றான். தாவீது அவசரப்படுத்தவில்லை. பந்தல் காலில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.