நாலாவது இயர்போன்

பாட்டு முடிந்த பிறகும் யாரோ மூச்சு விட்டார்கள்.

கார்குழலி இயர்போனைக் கழற்றிவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள். அது நின்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலடிப்பேட்டையின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் சன்னல்களை அடைத்திருந்தும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் தரை வழியாக ஏறி உள்ளங்காலைத் தொட்டது. கதவிடுக்கில் கருவாட்டு வாடையும் எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கசிந்துகொண்டிருந்தன.

வார நாட்களில் அவளுக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் வேலை. ஞாயிறுகளில் ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட இயர்போன்களை ஒப்பிட்டு யூடியூபில் பேசுவாள். தங்கை கல்யாணமாகி ஓசூருக்குப் போன பின் அந்த வீட்டில் கேட்கும் ஒரே மனிதக் குரல் அவளுடையது. சோதனைக்கும் அதையே வைத்துக்கொண்டாள்: நேற்று இதே அறையில் தனியாக உட்கார்ந்து பாடிப் பதிவுசெய்த பாட்டு.

முதல் இயர்போனில் எல்லாம் குடத்துக்குள் பேசுவது போலக் குமுறியது. அந்த மூச்சு தன்னுடையதாக இருக்கலாம் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது மெல்லிசு, ஆனால் தெளிவு. அதில் அவள் மூச்சு கேட்டது. அதற்குப் பின் இன்னொன்று, நிதானமாக. மூன்றாவது இயர்போன் இடம், வலம் பிரித்துக் காட்டியது. கண்ணை மூடினால் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லிவிடலாம். மூச்சு இடப்பக்கம், சற்றுப் பின்னால், பீரோ நிற்கும் மூலையில்.

திரும்பிப் பார்த்தாள். பீரோ மட்டும்.

போன் அடித்தது. ராயபுரத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் நவ்ரீன். இயர்போன்களைக் கொடுத்து அனுப்புபவள்.

"இன்னாக்கா, எது நல்லா கீது?"

"நவ்ரீன், காலைல உனக்கு ஒரு பாட்டு அனுப்ச்சேனே, கேட்டியா?"

"கடைல பெரிய ஹெட்போன் கீதுல்ல, அதுல கேட்டேன்க்கா. ரெண்டு பேரும் சோக்கா பாடிக்கீறீங்க."

"ரெண்டு பேரா?"

"நீயும் அந்தப் பொம்பளையும். யாருக்கா அது? உன்னவிட நல்லா பாடுது." சிரித்தாள். "கஸ்டமர் வந்துகினு கீறாங்க, அப்புறம் பேசுறேன்."

கதவைத் திறந்து கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவளோடு சேர்ந்து யாராவது பாடி எத்தனையோ நாளாயிற்று. பயத்துக்கு அடியில் ஏதோ ஒன்று அவளை இழுத்தது. நாலாவதை எடுத்துக் காதில் செருகினாள்.

இதுவரை கேட்டதில் இதுதான் சிறந்தது. அவள் குரல் நடுவில். லாரி எங்கோ கீழே. இடப்பக்கம் ஒரு குரல், அரைத் தாளம் பின்தங்கி, வார்த்தைகளைப் புதிதாகக் கற்றுக்கொள்வது போல. அடுத்த அடியில் தாளம் சேர்ந்துவிட்டது. பக்கத்திலும் வந்துவிட்டது. அடுத்த அடியில் ஈர உதடுகள் பிரியும் சத்தம்.

இடது காதுக்குள்.

அந்த முனையை மட்டும் பிடுங்கி விட்டெறிந்தாள்.

அது விழும் சத்தம் கேட்கவில்லை.

மடியில் இல்லை. மேசையில் இல்லை. கழுத்தருகே இரண்டாகப் பிரியும் வயரின் இடப்பக்கத்து இழை அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. தொங்கவில்லை. விறைப்பாக இருந்தது. ஒரு தலையின் உயரத்தில்.

வலது காதில் இப்போது அவள் குரல் மட்டும், தனியாக.

வயர் தாளத்துக்கு மெல்ல அசைந்தது.