எனக்கும் சேத்து இழு

உள்ளே இழுத்த மூச்சில் சிகரெட் வாடை அடித்தது. தையல்காரி பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டவளில்லை. மூச்சுப் பயிற்சிக் கருவியின் குழாயில் ஒட்டிய புருஷனின் வாடையாக இருக்கும் என்று தண்ணீரில் கழுவி உதறினாள்.

மறுநாள் அவருக்கு இதய ஆபரேஷன். அதற்குள் மூச்சைப் பழக்காவிட்டால் நுரையீரலில் சளி கட்டி ஆளே மிஞ்சமாட்டார் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி, மூன்று பந்து வைத்த கருவியைக் கொடுத்திருந்தாள். குழாயை வாயில் வைத்து நிதானமாக இழுத்தால் பந்துகள் மேலேறும். அவ்வளவுதான் வேலை. அதற்கும் மனுஷனுக்கு வலித்தது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவருக்காக வரிசையில் நின்றதும் அவள், அவர் வாங்கிய வம்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டதும் அவள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "எனக்கும் சேத்து நீயே இழுத்துடேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வந்த ஆத்திரத்தில்தான் கருவியைப் பிடுங்கி இழுத்தாள்.

மறுபடி இழுத்தாள். ஜன்னல் திரையில் மத்தியான வெயில் மஞ்சளாய்த் தேங்கியிருக்க, மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற, பந்துகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று மேலே முட்ட, அதுவரை ஓயாமல் கரகரத்துக்கொண்டிருந்த அவர் நெஞ்சுச் சளி சட்டென்று ஓய்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டை உள்வாங்கியிருந்தது. உதடு கறுத்திருந்தது.

"ஏய்... போதும்" என்றார். குரலில் காற்றே இல்லை.

நடிக்கிறார் என்று நினைத்தாள். இல்லை, நினைக்கவில்லை. தெரிந்தது. அவர் மூச்சு தனக்குள் வருவது நன்றாகவே தெரிந்தது. பயம் வந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இன்னும் ஒருமுறை இழுத்தாள்.

அவர் சட்டைப் பொத்தான்கள் நெஞ்சுக் குழிக்குள் இறங்கின. விலா எலும்புகள் துணியில் புடைத்தன. குழாயை எறிந்தாள். வாயை மூடினாள். மூச்சு நிற்கவில்லை. மூக்கு வழியே. உள்ளே. உள்ளே. ரவிக்கைத் தையல் பிரிந்தது.

மூச்சைத் திருப்பிக் கொடுக்க அவர்மேல் குனிந்தாள். அவள் பல் கிட்டித்து வாய் திறக்கவில்லை.

அவர் கையை அவள் வாயருகே கொண்டுவந்தார். எதையோ கேட்டு வாங்குவதுபோல விரல்கள் விரிந்தன, மடங்கின, மறுபடி விரிந்தன.