அத்தை வண்டிக்குப் புதுச் சக்கரம்

அப்பாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். பேனாவைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் எழுதுவார். அதனால், அத்தையின் பேட்டரி ஸ்கூட்டரில் தேய்ந்துபோன பின்சக்கரங்களைக் கழற்றியதும், அச்சில் இருந்த கிரீஸை எல்லாம் பளபளவென்று துடைத்தார். துணியைச் சோப்பு வாளியில் போட்டார். பிறகுதான் புதுச் சக்கரங்களை மாட்டினார்.

அத்தையால் நடக்க முடியாது. வண்டி இருந்தால் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவார். யாராவது தள்ளிக்கொண்டு போவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. அன்று நான்கு மணிக்கு நூலகத்தில் குழந்தைகளுக்குச் சதுரங்கப் போட்டி. முதல் முறையாக அத்தைதான் நடுவர். அப்போதே மணி மூன்றேகால்.

அத்தை ஏறி உட்கார்ந்து விசையை அழுத்தினார். மோட்டார் உறுமியது. வண்டி இம்மியும் நகரவில்லை.

அப்பா நட்டுகளை இன்னும் இறுக்கினார். அதே உறுமல், அதே இடம். மோட்டார் போய்விட்டது, மெக்கானிக் வந்தால்தான் ஆகும் என்று முடிவுகட்டினார். தள்ளிக்கொண்டு வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டும் பார்த்தார். அத்தை கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தையின் முகத்தைப் பார்க்கத் துருவிக்குப் பாவமாக இருந்தது. அவளுக்கு வயது பத்து. எதையும் துருவித் துருவிப் பார்ப்பதால் வீட்டில் அந்தப் பெயர். அவள் தரையில் படுத்தாள்.

"அத்தை, இன்னொரு தடவை அழுத்துங்க."

வலது பக்கம் அச்சின் நுனி கிறுகிறுவென்று சுற்றியது. சக்கரம் எனக்கென்ன என்று நின்றது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குப்பா. அச்சு மட்டும் சுத்துது. நீங்க மாட்டும்போது பார்த்தேன், இடது பக்கம் அச்சுப் பள்ளத்துல ஒரு குட்டி இரும்புத் துண்டு இருந்துச்சு. சக்கரத்துலயும் பள்ளம் இருக்கு. அந்தத் துண்டுதான் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்குது போல. வலது பக்கம் வெறும் பள்ளம்தான். அந்தப் பக்கம் அச்சு சும்மா சுத்துறதால, மோட்டாரோட சக்தி எல்லாம் அங்கேயே வீணாப் போய் இடது சக்கரமும் நகரல போல."

அப்பா பழைய சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தார். துண்டு இல்லை. தரையிலும் இல்லை. அவர் பெருக்கிய தரையில் தூசிகூட இல்லை. எங்கே போயிருக்கும் என்று முணுமுணுத்தபடி, அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வாளியைத் தூக்கினார்.

"கொட்டாதீங்கப்பா. துடைச்ச துணி அதுலதானே இருக்கு."

துருவி முழங்கை வரை கையை விட்டாள். துணியின் மடிப்பில், கிரீஸோடு ஒட்டிக்கொண்டு துண்டு கிடந்தது.

அப்பா அசடு வழிந்தார். சக்கரத்தைக் கழற்றி, துண்டைப் பள்ளத்தில் வைத்து, மறுபடி மாட்டி இறுக்கினார். மணி மூன்று நாற்பது. அத்தை விசையை அழுத்தினார். வண்டி சமர்த்தாக வாசலைத் தாண்டியது.

"துருவி, கூட வர்றியா? நான் மெதுவா ஓட்ட மாட்டேன்."

துருவியின் கை முழுக்கக் கிரீஸ். அப்பா துணியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் தெருமுனைக்கே போய்விட்டாள்.