புள்ளிக்கோட்டில் போன சுவர்

ராஜபாளையத்தில் துப்பறியும் ஐயாதுரைக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். குடிப்பானா, முன்னமே ஒன்று கட்டினானா, அவ்வளவுதான். அன்று வந்த மகாலட்சுமியின் பிரச்சினையிலோ ஒரு கொத்தனார் செத்திருந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய கோர்ட்டை மாத்திக் கட்ட நான்தான் சார் டிராயிங் போட்டேன். இடிக்கிற சுவர்னா புள்ளிக்கோடு. இடைச்சுவரைத் தொடக் கூடாதுன்னு முழுக்கோடு போட்டிருந்தேன். அதை இடிச்சு, கூரை விழுந்து, சமுத்திரம் அண்ணன் போய்ட்டாவ. இப்ப சைட்டுல காட்டுற டிராயிங்ல அது புள்ளிக்கோடா இருக்கு. நாளைக்கு என்னைய அரெஸ்ட் பண்ணப் போறாவளாம்."

ஐயாதுரையின் மைத்துனன் பாண்டிக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. கொலை என்றால் அவனுக்கு அப்படி. மூவரும் பஸ் ஏறினார்கள்.

கோர்ட்டு வராந்தாவில் செயற்பொறியாளர் ஆண்டிச்சாமியும் கான்ட்ராக்டர் வினோத்தும் இருந்தார்கள். வினோத் வரைபடத்தை விரித்தான். புள்ளிக்கோடு, கீழே மகாலட்சுமியின் கையெழுத்து. தாள் மாப்பிள்ளை வேட்டி மாதிரி மொடமொடவென்றிருந்தது.

"இதைப் பாத்துத்தான் வேலை நடந்துச்சா?" என்றார் ஐயாதுரை.

"இதேதான் அண்ணாச்சி. ஆரம்பத்துலருந்து கொத்தனாருங்க கையிலதான் கெடக்கு."

ஐயாதுரை இடிபாட்டுக்குள் போய்ச் செங்கற்களைப் புரட்டினார். அடியில், தரையோடு தரையாக மரத்தூள்.

"ஏலே பாண்டி, கொத்தனார் கையில கெடந்த தாள்ல சுண்ணாம்பு ஒட்டுமா ஒட்டாதா?"

"ஒட்டும் அத்தான். டீக்கறையும் இருக்கும்."

"அப்ப இது கூரை விழுந்த பொறவு அச்சடிச்சது. மரத்தூள் செங்கலுக்கு அடியில கெடக்கு. கூரை விழுகிறதுக்கு முந்தியே சுவரை உடைச்சு, அது மேல கெடந்த தேக்கு உத்திரத்தை அறுத்து எடுத்திருக்காவ. உத்திரம் எங்க தம்பி?"

வினோத் ஆண்டிச்சாமியைப் பார்த்தான். நமக்கெதற்கு, ஆனால் சேத்தூர் ரோட்டில் ஆண்டிச்சாமி கட்டும் வீட்டுக்கு அத்தனையும் தேக்குக் கதவு என்பது ஊருக்கே தெரியும்.

"கம்ப்யூட்டர் ஃபைல் இல்லாம கோட்டை மாத்த முடியாது," என்று ஐயாதுரை நிதானமாக முடித்தார். "அது ரெண்டே பேர்கிட்ட இருக்குன்னு பஸ்ஸுலயே கேட்டுக்கிட்டேன். ஒண்ணு இந்தப் பிள்ளை. இன்னொண்ணு நீங்க சார்."

பாண்டி கைதட்டாத குறை.

ஆண்டிச்சாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரியாச் சொன்னீய. ரெண்டே பேர்தான். அப்ப இந்தப் பொண்ணுதான் மாத்தியிருக்கு. நீங்க கண்டுபிடிச்சதையும் ரிப்போர்ட்ல சேத்துக்கிடுதேன்."

"மேலிடத்துக்குப் போவோம் அத்தான்!" என்று துள்ளினான் பாண்டி.

"விசாரிக்கச் சொல்லி மேலிடம் அனுப்புனதே இவியளைத்தாம்லே."

மகாலட்சுமி கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம் அண்ணாச்சி. டிவியில வாரதுக்கு முந்தி அம்மாட்ட நானே சொல்லிருதேன்."