நேராகப் பார்த்த முகம்

மலைமேல் வளப்பூர் நாட்டில் சங்கீதா பஸ்ஸை விட்டு இறங்கியபோது மதியம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூடுபனி மிளகுக்கொடிகளை விழுங்கிவிட்டிருந்தது. சேலத்தில் பழங்காசுகளை அடையாளம் சொல்லுபவள் அவள். வரச்சொல்லியிருந்தது மாதம்மாள். மாதம்மாளின் கணவர் காளியண்ணனுக்கு மரவள்ளி தோண்டும்போது ஒரு காசு கிடைத்ததாம். ஓயாமல் அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தவர், இப்போது உள்ளறையை விட்டு வெளியே வருவதே இல்லையாம். காசில் இருப்பது யாரென்று தெரிந்தால்தான் பரிகாரம் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் பழுத்த பலாவின் வாடை. அதற்கும் அடியில் ஈரமண் வாடை.

மாதம்மாள் காசைத் தொடவில்லை. அது கிடந்த முறத்தோடு நீட்டினாள்.

வழவழவென்று தேய்ந்த செம்புக்காசு. சங்கீதா அதை உள்ளங்கையில் வைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால்தான் தேய்ந்த மேடுகளுக்கும் நிழல் விழும். முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தாடை. வலப்புறம் பார்க்கும் தலை.

"ரோம் ராசாங்க, அக்கா. அவங்க காசுல மூஞ்சி பக்கவாட்டுலதான் இருக்கும். பின்னால வந்த பைசாண்டைன் காசுலதான் நேராப் பாக்கும்."

எழுத்து மிஞ்சியிருக்கிறதா என்று கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். காசு உடம்புச் சூட்டில் இருந்தது.

மறுபடி வெளிச்சத்தைச் சாய்த்தாள்.

முகம் நேராக அவளைப் பார்த்தது.

தேய்மானமே இல்லை. இமைமயிர்கூடத் தெரிந்தது. பட்டையான மூக்கு, இடப்புருவத்தில் வெட்டுத்தழும்பு. எந்த ராஜாவும் இல்லை அது.

"அக்கா, உங்க ஊட்டுக்காரருக்குப் புருவத்துல தழும்பு இருக்குதுங்களா?"

மாதம்மாள் முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"இருந்துச்சுங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. கம்பளி போர்த்திய ஆள் ஒருவர் கையை நீட்டியபடி நின்றார். கம்பளி நழுவியது.

கண் இருக்கவேண்டிய இடத்தில் தோல். மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு.

காசு சங்கீதாவின் கையிலிருந்து விழுந்து உருண்டது. மாதம்மாள் பதறவில்லை. குளிரில் நிற்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் கம்பளியை எடுத்து அவரைப் போர்த்தினாள்.

"நீங்க போயிருங்க கண்ணு," என்றாள், திரும்பாமலே.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் சங்கீதாவுக்கு மூச்சு சீரானது. வீட்டுக்குப் பேசலாமென்று போனை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள்.

திறக்கவில்லை.

துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள். ரேகை பொருந்தவில்லை என்றது திரை.

விரலை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். ரேகையே இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆள்காட்டி விரலிலும் கோடுகள் மங்கத் தொடங்கின.