செம்போத்தின் வளர்ப்புத்தாய்

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த பிளெஸ்ஸியின் நகக்கண்களில் செம்மண் அப்பியிருந்தது. படுக்கும்போது கை சுத்தமாகத்தான் இருந்தது. மீன் வாடை போக எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படுத்தாள். இப்போது அந்தக் கையிலிருந்து, தோண்டிப் போட்ட பள்ளத்தின் ஈரமும் பச்சை வேரின் கசப்பும் கலந்த ஒரு வாடை வந்தது. பக்கத்தில் நான்கு வயது மகள் ஷர்லி சுருண்டு தூங்கினாள். முன்னறைக் கட்டிலில் பெலிக்ஸ், வழக்கம்போல, ஊர் உலகத்தையெல்லாம் குறை சொல்லி முனகிக்கொண்டிருந்தான்.

புருஷன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிற ஆள். குடித்துவிட்டு பைக் ஓட்டி, நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதியவன். ஓடுகிற லாரியில் மோதக்கூடத் துப்பில்லை என்று பிளெஸ்ஸி மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். காலில் தகடு வைத்தும் எலும்பு சேரவில்லை. சீழ் நிற்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவனுக்கு மாத்திரை கசந்தது, டீக்கடைக் கதை இனித்தது. செம்போத்துக் குஞ்சின் காலில் கம்பியைச் சுற்றிவிட்டால், தாய்ப்பறவை எங்கிருந்தோ ஒரு வேரைக் கொண்டுவந்து கம்பியை நொறுக்கிவிடுமாம். அதே வேர் முறிந்த எலும்பையும் கூட்டுமாம். நர்ஸ் வேலை பார்த்த பிளெஸ்ஸியிடமே இதைச் சொன்னான், வெட்கமில்லாமல்.

அவனுடைய கூட்டாளி செம்மல், வீட்டுக்குப் பின்னால் கிடந்த கருவக்காட்டில் கூட்டைக் கண்டுபிடித்தான். குஞ்சின் காலில் செப்புக்கம்பியை இறுக்கினான். வேரோடு வரும் தாயை மடக்கக் கண்ணியும் வைத்தான். தாய் கழுத்து இறுகிச் செத்தது. இரண்டு மேதாவிகளும் சேர்ந்து கிழித்தது அவ்வளவுதான். அநாதையான குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்து பிளெஸ்ஸியிடம் நீட்டினார்கள்.

"வளக்கிறவதான் அதுக்குத் தாயி. நீ பாத்துக்க. கம்பிய மட்டும் தொடாத" என்றான் பெலிக்ஸ்.

"தகட்ட ஒங்க மண்டையில வச்சிருக்கணுங்க" என்றாள் அவள்.

ஆனாலும் வளர்த்தாள். கன்னங்கரேலென்ற தோல், அதன்மேல் வெள்ளை நூல்களாகத் தொங்கும் முடி. தொட்டால் பாம்பாகச் சீறி நாற்றக் கழிச்சலைப் பீய்ச்சும். முகத்தைச் சுளித்துக்கொண்டே அவித்த முட்டையையும் வெட்டுக்கிளியையும் இடுக்கியால் எடுத்து ஊட்டினாள். கம்பியை வெட்டக் குறட்டைத் தேடினால், அது பெலிக்ஸின் தலையணைக்கு அடியில் இருந்தது. நாள் போகப் போக, குஞ்சு கத்தும் முன்பே அதன் பசி அவள் வயிற்றில் தெரிந்தது. அடுப்படியில் நின்றாலும் அதை நினைத்து எச்சில் ஊறியது. சீ, இது என்ன அசிங்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நகத்தில் மண் இருந்ததற்கு அடுத்த மத்தியானம், விழித்தபோது கணுக்கால் வரை புழுதி. உள்ளங்காலில் கருவமுள். பின்கதவு திறந்து கிடந்தது. ஷர்லி கிணற்று மேடையருகே தனியாக நின்றிருந்தாள். பிளெஸ்ஸி ஓடிப்போய் அவளை வாரித் தூக்கினாள். தான் எழுந்து போகிற நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது? முன்னறையில் கிடக்கிற அந்த ஜடமா?

அன்று பெட்டிக்குள் கம்பி துண்டுதுண்டாகக் கிடந்தது. வெட்டிய தடமே இல்லை. குஞ்சின் கால் வீக்கம் வற்றி நேராக இருந்தது. பஞ்சின்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு வேர்.

பெலிக்ஸ் அதைப் பிடுங்கித் தொடையிலிருந்து பாதம் வரை தேய்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. வேர் அவன் கையிலேயே வாடிச் சருகானது. வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதப் புள்ளையா நெனச்சே, கொண்டாந்தே. என்னைய எங்க ஒனக்குப் பிடிக்குது?"

"அதாவது தெரிஞ்சுதே."

அவன் சிரித்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒன்றை யோசித்துப் பார்த்ததை அன்றுதான் கண்டாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் ஷர்லியோடு மீமிசலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று துணிகளை எடுத்துவைத்தாள். அதுவரை தூங்கக்கூடாது. கடுங்காபி குடித்தாள். பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். மறுநாள் மத்தியானம் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வெயிலில் ஓடு படபடவென்று வெடிக்கிற சத்தமும், பெட்டிக்குள் நகம் அட்டையைப் பிராண்டுகிற சத்தமும், சீழும் டெட்டாலும் கலந்த வாடையும் வீடு முழுக்க நிறைந்தன. காட்டிலிருந்து செம்போத்து கூப்பிட்டது. ஊப். ஊப். ஊப். ஆழமாக, பானைக்குள்ளிருந்து வருவதுபோல.

உதட்டில் அதிர்வு. தொட்டுப் பார்த்தாள். குரல் காட்டிலிருந்து வரவில்லை.

அவள் தொண்டையிலிருந்து வந்தது.

பிறகு, கருவமரத்தடி. முழங்கால் மண்ணில். உச்சியில் வெயில். மடி காலி.

வீட்டுப்பக்கமிருந்து ஷர்லி அலறினாள். ஒரே ஒரு அலறல். அப்புறம் சத்தமில்லை.

ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. பின்கதவு விரியத் திறந்திருந்தது, அவள் இடுப்பில் செருகிய சாவி பூட்டில் தொங்கியது.

பெலிக்ஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கையில் குறடு. மடியில் ஷர்லி. பிள்ளையின் கணுக்காலில் செப்புக்கம்பி, சுற்றுமேல் சுற்று, குறட்டால் முறுக்கி இறுக்கியது. பாதம் நீலம் பாரித்திருந்தது.

"இப்பக் கொண்டாருவேல்ல? இது ஒன் வயித்துல பொறந்தது. போ. எனக்கும் சேத்து நெறையாக் கொண்டா."

அவனை அங்கேயே கொன்றுபோட வேண்டும் என்று வந்தது அவளுக்கு. கையை நீட்டினாள். கை கம்பியிடம் போகவில்லை. விரல்கள் மடங்கி வெறும் காற்றைக் கீறின. கால் பின்னால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. நிலைப்படி. வெயில். மகளின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

ஊப்.

ஷர்லி அழவில்லை. வெளியே போய்க்கொண்டிருக்கும் அம்மாவை நோக்கிக் கழுத்தை எட்டிய மட்டும் நீட்டினாள். வாயை அகலத் திறந்து, சீறினாள்.