ஐந்தாம் நம்பரின் வலது கண்

அழைப்பு மணி கதவின் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அவள் கையால்தான் தட்டினாள், அதுவும் இரண்டு கையாலும். பயந்து வருகிறவர்களுக்கு மணியெல்லாம் எங்கே கண்ணில் படுகிறது?

கதவைத் திறந்தவனை அந்தத் தெருவில் அவசரம் என்பார்கள். உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் அவனுடைய அக்காள் கணவர். தீப்பிடித்தது, திருட்டுப் போனது என்று வருகிறவர்களில் யார் புளுகுகிறார்கள் என்று காப்பீட்டு அலுவலகத்துக்காகத் துப்பறிந்தே தலை நரைத்த மனிதர். அவருக்கு நிதானம் என்று பெயர். இவர்கள் இருவரும் ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்பதே தனியாகத் துப்பறிய வேண்டிய விஷயம்.

"உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி குடிங்க" என்றார் நிதானம்.

அவள் குடித்தாள். பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். வேலை செய்யும் இடத்தில் அவளைக் கண்ணாடி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரே இப்போது அவளைக் கேலி செய்வது போலிருந்தது.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா இல்லையான்னு நீங்கதான் சார் சொல்லணும். நான் சோதனைச்சாலையில வேலை பாக்கிறேன். கைக்குழந்தைங்களுக்குப் போடற ஷாம்பு ஒண்ணு புதுசா வருது. கடைக்குப் போறதுக்கு முன்னாடி முயல் கண்ணுல ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம்."

"அடப்பாவமே!" என்றான் அவசரம்.

"பாவம்தான். எனக்கு மட்டும் கல்நெஞ்சா? ஆனா முதல் சொட்டு யார் கண்ணுல விழணும்? நீங்களே சொல்லுங்க."

அவசரம் வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு முயலுக்கும் கண்ணு ரத்தச் சிவப்பு. தண்ணியா ஊத்துச்சு. அஞ்சாம் நம்பருக்கு வலது கண்ணு ரொம்ப மோசம். ஆனா சீழ் இல்ல, புண் இல்ல, வெறும் சிவப்பு. பூட்டிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலையில திறந்தா, ஆறுக்கும் கண்ணு பளிச்சுன்னு இருக்கு. அப்படி ஆறவே ஆறாது சார். மேனேஜர், 'கடைசிப் பார்வைதான் கணக்கு, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னு உயிரை வாங்கறார். நேத்தே சொல்லியிருப்பேன். என் கண்ணையே என்னால நம்ப முடியல."

"வேற ஏதாவது?"

அவள் குரல் இறங்கியது. "நேத்து சாயந்திரமும் இன்னைக்குக் காலையிலயும் தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. பேச்சே இல்ல. மூச்சு மட்டும் கேக்குது. பின்னால எங்கயோ ஒரு குழந்தை அழுவுது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப் போச்சு."

"மிரட்டல், மாமா!" என்று அவசரம் எழுந்தே விட்டான். "அந்த மேனேஜர் வேலைதான். வாங்க, கையும் களவுமா பிடிச்சிடலாம்."

"மாப்ளே, உக்காரு. இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு" என்று சட்டையின் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார் நிதானம்.

*

சோதனைச்சாலை வாசலில் லாரி நின்றது. ஷாம்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த லாரி காத்திருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டால் எத்தனை வீட்டில், எத்தனை பிள்ளைகள்!

மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "மேடம், முயலுக்கே ஒண்ணும் ஆகல, உங்களுக்கு ஏன் வேர்க்குது? எனக்கு இருந்த சந்தோஷத்துல நம்ம ஆளுங்க வீட்டுக்கெல்லாம் நேத்தே ஆளுக்கு ரெண்டு பாட்டில் அனுப்பி வெச்சுட்டேன். பேசாம நீங்க கண்ணாடியை மாத்துங்க."

நிதானம் முயல் அறையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மேனேஜரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று, முயல்களைப் பார்த்துக்கொள்ளும் மிருக வைத்தியரிடம் ஒன்று.

அறையில் மருந்து நெடியும் வைக்கோல் வாசமும் கலந்து அடித்தன. ஆறு கூண்டு, ஆறு வெள்ளை முயல். அவசரம் ஒரு கூண்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு, "இவன் பேரு என்னங்க?" என்றான்.

"பேரெல்லாம் கிடையாது" என்றாள் அவள் வெடுக்கென்று. "அவன், அவன்னு இங்க யாரும் சொல்லக் கூடாது. அதுன்னுதான் சொல்லணும். அது எங்க கட்டுப்பாடு. ஒரு தடவை பேர் வெச்சுட்டா அப்புறம் சொட்டு விடக் கை வராது."

கூண்டுக் கம்பியில் தண்ணீர்ப் பாட்டில்கள் தலைகீழாகத் தொங்கின. அவற்றின் இரும்புக் குழாயை நக்கித்தான் முயல்கள் குடிக்க வேண்டும். ஆறு பாட்டிலிலும் தண்ணீர் கழுத்துவரை இருந்தது. நிதானம் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி ஒரு முயலிடம் நீட்டினார். அது அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து குடித்தது. பக்கத்து அறையிலிருந்த மற்ற முயல்களோ குழாயில் டக் டக்கென்று சத்தம் வரக் குடித்துக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு முயலின் காதைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் மையில் எழுதிய நம்பர் கறுகறுவென்று இருந்தது. "எப்ப எழுதினீங்க?"

"போன வாரமே..." என்றவள் தானும் குனிந்து அந்தக் காதைப் பார்த்தாள். பக்கத்து அறை முயல்களின் காதில் மை வெளிறிக் கிடந்தது அவளுக்கு நன்றாகவே தெரியும். தன் மூக்குக்கு முன்னால் இருந்ததை இரண்டு நாளாகப் பார்க்கவில்லையே!

மிருக வைத்தியர் வந்தார். சாதுவான மனிதர். அண்மையில் அப்பா ஆனவர். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை நீங்களும் பார்த்தீங்களா டாக்டர்? மேடம் சிவந்திருந்துச்சுன்னு சொல்றாங்க. மேனேஜர் இவங்களுக்குப் பார்வைக் கோளாறுன்னு சொல்றார்" என்றார் நிதானம், ஊர்க்கதை பேசுவது போல.

"மேடம் சொல்றதுதான் சரி" என்றார் வைத்தியர் சட்டென்று. "நல்லா சிவந்திருந்துச்சு. அஞ்சாம் நம்பர்தான் பாவம், அவளுக்கு வலது கண்ணுல சீழே கட்டிடுச்சு."

கண்ணாடி மேடம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நிதானம் அவளைப் பார்த்தார்.

*

"மேனேஜர் சாரையும் கூப்பிடு, மாப்ளே" என்றார் நிதானம். அவசரம் போன வேகத்துக்கு ஒரு கூண்டே ஆடியது.

எல்லோரும் வந்ததும் அவர் நிதானமாக ஆரம்பித்தார். "மேடத்துக்குப் பைத்தியமும் இல்ல, பார்வைக் கோளாறும் இல்ல. இந்த ஆறும் வேற முயல். வெளியிலேர்ந்து வந்தது. கிண்ணத்துல குடிச்சுப் பழகினதுக்குக் குழாய் எதுக்குன்னு தெரியல, தண்ணி முன்னாலயே தொங்குது, தாகத்துல தவிக்குது. காதுல மையும் புதுசு."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று அவசரம் மேனேஜர் பக்கம் கையை நீட்டினான்.

"கையை இறக்கு. இவர் மாத்தணும்னா பக்கத்து ரூம்லேர்ந்து ஆறை எடுத்திருப்பார். எதுக்கு வெளியில அலையறார்? மேடம், கண்ணு கெட்ட முயலை என்ன செய்வீங்க?"

"ஊசி போட்டு முடிச்சிடுவோம்."

"கண்ணு நல்லா இருந்தா?"

"திரும்ப அந்த ரூமுக்கே அனுப்பிடுவோம்."

"ஆக, நல்ல கண்ணோட ஆறு முயல் இங்க வந்தா, பழைய ஆறும் சாகாது, இதுவும் சாகாது. இது ஷாம்புவைக் காப்பாத்த நினைச்ச ஆள் செஞ்சதில்ல. முயலைக் காப்பாத்த நினைச்ச ஆள் செஞ்சது." வைத்தியர் பக்கம் திரும்பினார். "தம்பி, வெள்ளிக்கிழமை சீழ் இல்ல. அது அப்புறம் கட்டினது. அப்புறம் பார்த்தவருக்குத்தான் தெரியும். இங்க எல்லாரும் அதுன்னு சொல்றப்போ உங்க வாயில 'அவளுக்கு'ன்னு வந்துச்சு. வீட்ல வெச்சு மருந்து போட்டாத்தான் அப்படி வரும். போன் பண்ணதும் நீங்கதானே? பின்னால அழுதது உங்க பிள்ளை."

வைத்தியர் சுவரில் சாய்ந்துகொண்டார். "சொல்லிடலாம்னுதான் பண்ணேன். வாய் வரல. மேடம் வெள்ளிக்கிழமையே கண்ணால பார்த்துட்டாங்க, எப்படியும் ஆகாதுன்னு சொல்லிடுவாங்கன்னு நம்பினேன்."

அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் பார்த்ததை அந்த மனிதர் நம்பினார். அவளால்தான் நம்ப முடியவில்லை.

"அஞ்சாம் நம்பர்... இப்ப அவளுக்கு வலது கண்ணுல சுத்தமா பார்வை இல்ல" என்றார் வைத்தியர். "கண்ணு பூராவும் வெள்ளை படர்ந்துடுச்சு."

மேனேஜர் ஜன்னலுக்கு ஓடி, "லாரியை நிறுத்துங்கப்பா! எல்லாத்தையும் இறக்குங்க!" என்று கத்தினார். திரும்பியபோது முகத்தில் ஈயாடவில்லை. "டாக்டர்... நேத்து உங்க வீட்டுக்கும் ரெண்டு பாட்டில் போயிருக்கு. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடாச்சேன்னு, நான்தான்..."

வைத்தியர் போனை எடுத்தார். அது கை நழுவிக் கீழே விழுந்தது. அவசரம் எடுத்துக் கொடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். முயல்கூட அசையவில்லை. கண்ணாடி மேடம் இரண்டு கையாலும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எடும்மா, எடு, எடு என்று மனதுக்குள் மன்றாடினாள்.

"என்னங்க, இப்படி விடாம அடிக்கிறீங்க?" வைத்தியர் மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "குளிப்பாட்டக் குழந்தையைக் கால்ல போட்டிருக்கேன். உங்க ஆபீஸ் பாட்டில் மூடி என்ன இரும்பா? பல்லால கடிச்சும் திறக்க மாட்டேங்குது."

"பாட்டிலைக் கீழ போடு!" என்று அலறினார் வைத்தியர். "தொடாதே! தூக்கிப் போடு!"

பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மேனேஜர் மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தார்.

அவள் வைத்தியருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சொட்டை விட்டது அவளுடைய கைதான். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் லாரி போன வாரமே போயிருக்கும். இதில் எதை நினைத்து நிம்மதிப்படுவது, எதை நினைத்து அழுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"டாக்டர், அது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அவ... ஏதாவது சாப்பிட்டாளா?"